எதிரணிக்காரியின் ஞானப்பல்

எங்கள் பல் மருத்துவமனைக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லக்காவுக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். ஆறடியை நெருங்கிய ஒருத்தி வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக நின்றால் வேறு யாரை டாக்டர் என்று நினைப்பது? உண்மையான டாக்டர் அவள் முழங்கைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நான்தாங்க டாக்டர்" என்பார். அவர் குள்ளம். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பல் பிடுங்குவது உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்பார்.

நான் முன் மேசையில் இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவது எல்லாம் என் பொறுப்பு. பல்லக்கா உள்ளறையில் டாக்டருக்கு உதவி. ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய். இன்னொரு கையில், டாக்டர் அடுத்து எதைக் கேட்கப் போகிறாரோ அது. அவள் என்னைவிட இளையவள். பல்லக்கா என்பது நெட்பால் அணிப் பெண்கள் வைத்த பெயர். அவள் வெளிநாடு போய்வந்த பிறகு அந்தப் பெயர் மருத்துவமனைக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். வயதைக் கூட்டிவிட்டதாக அவளுக்கு என்மேல் இன்னும் கோபம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்பாள். "ஏன் சார், நீங்க இடது பக்கமா மட்டும்தான் மெல்லுவீங்களா?" "ஏங்க, இந்தப் பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம் எந்த வயசுல வந்தது?" அவர் பாவம், குழாயும் பஞ்சுமாக 'ஆ ஆ' என்பார். டாக்டர் முதலில் கண்டித்துப் பார்த்தார். கேள்வி வந்தால் நோயாளி பயத்தை மறந்துவிடுகிறார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. ஒன்று தெரியவில்லை என்றால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

நெட்பாலும் அவளிடம் பல் வழியாகத்தான் வந்தது. ஒரு நாள் மாலை, முன்பல் பாதி உடைந்து ஒரு பெண்மணி வந்தார். கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. நாட்டின் நெட்பால் அணிக்குப் பயிற்சியாளரும் அவரே. நாட்டுக்கு அப்படி ஓர் அணி இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பயிற்சியின்போது யாரோ ஒருத்தியின் முழங்கை பட்டிருக்கிறது. ஊசி போட்டு, உதடு மரத்து, நாற்காலியில் சாய்ந்தபடி மேலே பார்த்தவருக்கு, விளக்குக்கும் மேலே ஒரு முகம் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்து எழுந்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"என்னங்க?" என்றாள் இவள்.

"கிரைந்து... ஞாயித்துக்கிழை... வர்றீங்களா?"

"கிரைண்டரா? அதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் பார்ப்பார். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாமே ரிப்பேர் பண்ணுவார். நம்பர் தரட்டுமா?"

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்து, டோக்கன் சீட்டின் பின்பக்கம் 'கிரவுண்டு' என்று எழுதிக் காட்டினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பல்லக்காவின் உயரம் குரூப் போட்டோவில் கடைசி வரிசைக்கும் கரும்பலகையின் மேல் மூலையை அழிப்பதற்கும்தான் பயன்பட்டது. பந்தைத் தொட்டதில்லை. அதனால் "போகப் போறியா?" என்று கேட்டேன்.

"போகணும்" என்றாள். "உயரத்தைப் பார்த்துக் கூப்பிடுறாங்க, அது புரியுது. ஆனா முன்பல்லு அப்படிக் குறுக்கால உடையணும்னா முழங்கை எந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கும்? அதை நேர்ல பார்க்கணும்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளம்தான் கிரவுண்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், உச்சியில் ஒரு வளையம், அதற்குப் பின்னால் பலகை கிலகை எதுவும் இல்லை. அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருத்தி மார்பிலும் முதுகிலும் எழுத்து போட்ட துணி. எந்த எழுத்துக்காரி எந்தக் கட்டம் வரைக்கும் போகலாம் என்று கணக்கு உண்டு. வளையத்தில் பந்து போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. பல்லக்காவைக் கம்பத்தடியில் நிறுத்தி, கோல் கீப்பர் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனிடமும் மாமனாரிடமும் இதையெல்லாம் சொன்ன கதையை மறுநாள் எனக்கு நடித்தே காட்டினாள்.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் முன்னறையில் ஒரு ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பந்தை வாங்கிட்டா நடக்கக் கூடாதாம் மாமா. நின்ன இடத்துலயே நிக்கணும்."

"நடக்காம எப்படிம்மா போறது?"

"பந்துதான் போகணும். ஆள் போகக் கூடாது."

"சரி, நீ புடுங்கிட வேண்டியதுதானே?"

"தொடவே கூடாது. பந்து வச்சிருக்கறவகிட்ட இருந்து மூணடி தள்ளி நிக்கணும்."

புருஷன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நடக்கக் கூடாது, தொடக் கூடாது, புடுங்கக் கூடாது. அப்புறம் எப்படித்தான் தடுக்கிறது?"

"அதைத்தாங்க நானும் கேட்டேன். மேடம் சிரிச்சிட்டு, அடுத்த வாரமும் வாங்கன்னுட்டாங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் அவள் அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். மாமனாருக்கோ இவ்வளவு விதிகள் உள்ள விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய சந்தோஷம். விதி மீறியவர்களை ஓடுகிற பஸ்ஸில் பிடித்தே தலை நரைத்தவர் அவர். மாலையில் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். தலையணையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள மகன். மூன்றடி தள்ளி நின்று, கையை நீட்டி, விழுந்துவிடாமல் முன்னால் சாய்ந்து மறைக்க மருமகள். அவள் கொஞ்சம் பட்டுவிட்டால் போதும். "தொட்டுட்ட. எறங்கு எறங்கு" என்பார், டிக்கெட் இல்லாத ஆளிடம் சொல்வதுபோல.

சாய்வது அவளுக்குக் கடினமாக இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் மேல் படாமல் சாய்ந்து நிற்கிற வேலைதான் இங்கே மருத்துவமனையிலும். கஷ்டம் ஓட்டத்தில் இருந்தது. முதல் சில மாதங்கள் மூச்சு வாங்கி, முழங்கால் வீங்கி, இடுப்பில் சுடுநீர்ப் பை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். "உனக்கு எதுக்கு இந்த வயசுல" என்று நானே கேட்டிருக்கிறேன். "இன்னும் பிடிபடல" என்பாள்.

அணியின் கேப்டன் ஒரு டிராபிக் போலீஸ்காரி. வெயிலில் நின்று நின்று குரலும் முகமும் கறாராகிப் போனவள். துணிக்கடையில் நிற்பவர்கள் இரண்டு பேர், ஒரு வங்கி ஊழியை, மற்றவர்கள் கல்லூரிப் பெண்கள். முதல் நாளே கேப்டனின் வாயைப் பார்த்து, "நீங்க தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "உங்களுக்கு யாரு சொன்னது? எங்க வீட்டுக்காரரா?" என்று அவள் திரும்பிக் கேட்டாளாம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் பல்லக்கா.

இரண்டு வருடம் போனது. வளர்ந்து வரும் அணிகளுக்கென்று வெளிநாட்டில் ஒரு போட்டி, எட்டு நாடுகள் வருகின்றன, எங்கள் அணிக்கும் அழைப்பு என்று தெரிந்தபோது அவள் அணியின் முதல் கோல் கீப்பர் ஆகியிருந்தாள். அதுவரை அந்த அணி வேறு எந்த நாட்டையும் ஜெயித்ததில்லை. டாக்டரிடம் லீவு கேட்க என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ரெண்டு வாரம்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன்" என்றார் டாக்டர். "ஒண்ணு மட்டும். போற இடத்துல யார் வாயிலயும் கையை விட்டுடாதே."

முதல் ஆட்டத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். இதுவரை சிமென்டில் ஆடியவர்களுக்கு அங்கே பளபளவென்று மரத்தரை. காலணி கிறீச்சிடும் சத்தத்திலேயே பாதி உயிர் போய்விட்டது என்றாள். எதிரணி நாலு கோல் போட்டால் இவர்கள் ஒன்று. இரண்டாவது ஆட்டத்திலும் தோல்வி, ஆனால் இந்தத் தடவை மானம் மிஞ்சியது. மூன்றாவது ஆட்டம் பகல் வேளையில் வந்தது. காத்திருப்போர் அறை டிவியில் ஆட்டத்தைப் போட்டுவைத்தேன். மாமனார் முன்கூட்டியே வந்து முதல் வரிசையில் இடம்பிடித்து, பல்வலிக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"மொத்தம் நாலு குவார்ட்டர்" என்றார்.

"நாலு குவார்ட்டரா?" என்றார் கடைவாயில் பஞ்சு வைத்திருந்த ஒரு பெரியவர். "அதுக்கப்புறமும் நிக்கிறாங்களா?"

அந்த எதிரணியின் ஷூட்டரைப் பல்லக்கா முந்தைய நாட்களில் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து கவனித்திருந்தாள். ரொம்ப உயரமில்லை. ஆனால் பந்து அவள் கைக்குப் போனால் கோல்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். முதல் குவார்ட்டரில் அப்படியே நடந்தது. இவள் சாய்ந்தாள், கையை நீட்டினாள், பந்து விரல்நுனிக்கு மேலே போய் வளையத்தில் விழுந்தது. இரண்டாவதில்தான் ஒன்று கண்ணில் பட்டது. பந்தை உயர்த்தி, முழங்காலை மடக்கி, எழும்பப் போகிற அந்த நொடியில் ஷூட்டரின் இடது தாடை இறுகியது. காதுக்குக் கீழே உள்ள தசை ஒரு கணம் புடைத்து அடங்கியது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும் அப்படியே.

'பழக்கமா இருக்கும்' என்று நினைத்திருக்கிறாள். சிலர் எழுதும்போது நாக்கை நீட்டுவதில்லையா, அதைப்போல. தாடை இறுகியதும் ஒரு கண்ணிமை இடைவெளி விட்டுக் குதித்தாள். பந்து அவள் உள்ளங்கையில் பட்டுத் திசைமாறிக் கேப்டன் கைக்குப் போனது. எங்கள் காத்திருப்போர் அறையில் மாமனார் எழுந்துவிட்டார். "தொடல. பார்த்தீங்கல்ல, மூணடி இருந்தது" என்று யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

அதன்பிறகு மூன்றுக்கு ஒன்று இவள் கையில் பட்டது. ஷூட்டருக்குத் தடுமாற்றம் வந்தது. வழக்கமாகப் போடுகிற பந்தையும் தவறவிட்டாள். டாக்டர் கையுறையோடு வந்து கதவருகே நின்றார். உள்ளே நாற்காலியில் இருந்தவர், "சார், என்ன ஸ்கோர்?" என்று குழறுவது கேட்டது. கடைசியில் இரண்டு கோல் வித்தியாசத்தில் எங்கள் அணி ஜெயித்தது. வெளிநாட்டு அணியை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

டிவியில் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஒருத்தி மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. கேமரா நகர்ந்தபோது பார்த்தோம். பல்லக்கா கைகுலுக்கப் போன இடத்தில், எதிரணி ஷூட்டருக்கு முன்னால் குனிந்து, அவள் வாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லித்தானே அனுப்பினேன்" என்றார் டாக்டர்.

நடந்தது இதுதான். கடைசிக் குவார்ட்டரில் அந்தப் பெண் பந்து இல்லாத நேரத்திலும் கன்னத்தைத் தடவுவதைப் பல்லக்கா கண்டிருக்கிறாள். தாடைக்குக் கீழே லேசாக ஒரு வீக்கம். தோற்ற ஆத்திரத்தில் இருந்த ஷூட்டர், இவள் குனிந்ததும் கேலி செய்கிறாளோ என்று பின்வாங்கினாள். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம் மட்டும். இவள் தன் உதட்டைத் தானே இழுத்துக் கடைசிப் பல்லைக் காட்டி, பிறகு அவள் தாடையைக் காட்டினாள். அந்தப் பெண் முகம் மாறி, வாயைத் திறக்கப் பார்த்தாள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் என் மேசைச் செல்போன் அடித்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க அக்கா. வீடியோல வர்றேன்."

"ஜெயிச்சதுக்கு வாழ்த்து சொல்லலாம்னு இருந்தா..."

"அப்புறம் சொல்லுங்க. சீழ் இருக்கு."

போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டர் நோயாளியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, திரையில் தெரிந்த வாயை உற்றுப் பார்த்தார். அந்தப் பெண் தானே கன்னத்தை விலக்கிப் பிடித்திருந்த இடுக்கில் பாதி முளைத்த ஞானப்பல், அதன்மேல் மூடிக்கிடந்த ஈறு, அதற்கடியில் பழுப்பு.

"காய்ச்சல் இருக்கா?"

"கழுத்து சுடுது டாக்டர்."

"முழுங்கறதுக்குக் கஷ்டமா இருக்கான்னு கேளு." கேட்டாள். இரண்டு நாளாக இருக்கிறதாம். டாக்டரின் குரல் மாறியது. "இன்னைக்கே பல் டாக்டர்கிட்ட போகணும். நாளைக்குன்னு சொன்னா விடாதே. இது கழுத்துக்குள்ள இறங்கினா மூச்சை அடைக்கும்."

அந்த அணியின் மேலாளர் ஒரு கனத்த மனிதர். வலி மாத்திரை கொடுத்து இரண்டு நாளை ஓட்டியிருக்கிறார். இவள் போய்ச் சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்களை ஜெயித்தவள், அடுத்த ஆட்டத்துக்கும் எங்கள் ஷூட்டரை ஓரங்கட்டப் பார்க்கிறாளா என்று. அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது என்றாள். கடைசியில் எங்கள் டாக்டர், போட்டிக்கென்று அங்கே இருந்த மருத்துவரிடம் போனிலேயே பேசினார். அவர் வந்து ஒரு தடவை பார்த்ததுமே வண்டியை வரவழைத்துவிட்டார். பல் மருத்துவமனையில் சீழை எடுத்து, கழுவி, மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டால் ஆடலாம், இல்லாவிட்டால் கூடாது, பல்லை ஊருக்குப் போய் எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது சந்தேகம் இந்தப் பக்கம் வந்தது. விடுதி அறையில் கேப்டன் கட்டிலில் உட்கார்ந்து காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டே கேட்டாளாம்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லுங்க. நீங்க எந்த டீமு?"

"ஏன், நம்ம டீமுதான்."

"அவ வலியில ஆடினான்னு எப்பத் தெரிஞ்சது?"

"கடைசிக் குவார்ட்டர்ல. அதுவரைக்கும் பழக்கம்னுதான் நினைச்சேன்."

"தெரிஞ்சப்புறமும் குதிச்சீங்கல்ல?"

"குதிச்சேன். ஆட்டம் நடக்கும்போது நின்னு கேக்க முடியுமா?"

கேப்டன் பட்டையை இழுத்துக் கட்டினாள். "நமக்குக் கிடைச்சதே ஒரு ஜெயம். அதையும் பல்வலியால வந்ததுன்னு ஆக்கிட்டீங்க. இந்தப் பிள்ளைங்க ரெண்டு வருஷமா வெயில்ல கிடந்து உழைச்சது என்ன ஆச்சு?"

பல்லக்கா, "அவ பல்லு சரியா இருந்தா நாம எங்க நிக்கிறோம்னு உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இல்ல" என்றாள் கேப்டன். "எனக்கு ஜெயிக்கணும்."

அதில் தப்பு என்ன இருக்கிறது என்று பல்லக்கா என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். கேப்டன் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. தான் செய்ததும் சரி என்றும் தோன்றியது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் எங்கள் அணி வேறோர் அணியிடம் தோற்றது. அந்த ஷூட்டர் இல்லாமல் ஆடிய அவள் அணியும் தோற்றது. அட்டவணைப்படி, தோற்ற இரண்டும் ஏழாவது இடத்துக்கு மறுபடி மோத வேண்டும். ஷூட்டர் காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்திருந்தாள். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது.

எங்கள் காத்திருப்போர் அறையில் அன்றைக்குச் சும்மா வந்தவர்களும் இருந்தார்கள். பல்லே வலிக்காத எதிர்க்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார். பல்லக்காவின் புருஷனும் ஒரு வாஷிங் மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். மாமனார் யாருக்கும் விதி சொல்லவில்லை. கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பந்திலேயே பல்லக்கா தாடையைப் பார்த்தாள். அது அசையவில்லை. முகம் தூங்குகிறவள் முகம்போல இருந்தது. பந்து போனது. இரண்டாவது, மூன்றாவது. அவள் வேறெதையாவது தேடினாள். முழங்கால் மடங்கும் விதம், தோள், மூச்சு, கண். ஒன்றிலும் குறிப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுவதும் ஒரே வீச்சில் எழும்பியது. எது முதலில் கிளம்பியது என்றே சொல்ல முடியவில்லை. "அவ்வளவு கிட்டத்துல நின்னு பார்த்தேன்" என்றாள் என்னிடம். "அவ்வளவு அழகா ஒருத்தி ஒரு வேலையைச் செய்யறதை அவ்வளவு கிட்டத்துல நான் பார்த்ததே இல்ல. கோபமா வந்தது. பார்த்துக்கிட்டே இருக்கணும்போலவும் இருந்தது."

தடுக்க முடியாத பந்தைத் தடுப்பதை விட்டுவிட்டு, பந்து ஷூட்டர் கைக்கு வருவதைத் தடுக்கலாம் என்று மூன்றாவது குவார்ட்டரில் அவளுக்குத் தோன்றியது. முன்னால் வந்து நின்று, வருகிற பந்துக்கே குதித்தாள். சில பந்துகளைப் பிடித்தாள். பிடித்ததைக் கேப்டனுக்குக் கொடுத்தாள். கேப்டன் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கி, மின்னலாக அடுத்த ஆளுக்கு அனுப்பினாள். இடைவெளி குறைந்தது. ஒரு கட்டத்தில் சமநிலை வந்தது. அறையில் யாரோ இருமினார்கள், எல்லாரும் திரும்பி முறைத்தோம். பிறகு அந்த ஷூட்டர் வரிசையாக நாலு போட்டாள். மூன்று கோலில் எங்கள் அணி தோற்றது. எட்டு நாடுகளில் எட்டாவது இடம்.

புருஷன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நல்லா ஆடினா" என்றார். மாமனார், "ஒரு தடவைகூடத் தொடல" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் ஷூட்டர் இவளைத் தேடி வந்தாள். நம் முதல் ஆட்டத்தில் நீ என் வாயையே பார்த்தாய், பைத்தியமோ என்று நினைத்தேன் என்றாள். இவள் தாடை விஷயத்தைச் சொன்னாள். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் முகம் கொஞ்சம் யோசனையானது. என் பல் கெட்டதை அன்றைக்கே சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் நீங்கள் ஜெயித்திருப்பீர்களே, ஏன் சொன்னாய் என்று கேட்டாள். உன் வாய் திறக்கவில்லை, சொல்லாமல் எப்படி இருப்பது என்றாள் இவள். பிறகு தனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டாள். நீ பந்தைப் போடும்போது எதைப் பார்க்கிறாய்?

அந்தப் பெண் காலியாகக் கிடந்த மைதானத்துக்கு இவளை இழுத்துப் போய்க் கம்பத்தடியில் நிறுத்தினாள். வளையத்தைப் பார்ப்பதே இல்லையாம். அதற்கு மேலே, ஒன்றுமில்லாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தால் போதும், பந்து தானாக விழும் என்று விரலால் காற்றில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாள். பல்லக்கா பல தடவை போட்டுப் பார்த்தாள். ஒன்று வளையத்தில் பட்டுக் குதித்து வெளியே போனது. மற்றவை அந்தப் பக்கமே போகவில்லை. மைதானத்தைத் துடைக்கிறவர் வந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் பேனரும் கிடையாது, மாலையும் கிடையாது. புருஷன் ரிப்பேர் வண்டியில் பின்னால் ஒரு பழைய ஃப்ரிட்ஜோடு வந்து அழைத்துப் போனார். மறுநாள் காலை உள்ளறையில் குழாயும் கையுமாக நின்றாள். ஒரு நோயாளி பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார். "எட்டாவதாமே" என்றார். "ஆமா சார், வாயை நல்லாத் திறங்க" என்றாள்.

கேப்டன் வெகுநாள் பேசவில்லை. பயிற்சியில் 'அக்கா' என்பதுகூட நின்று, 'ஜிகே' என்று மார்பில் இருந்த எழுத்தைத்தான் கூப்பிட்டாளாம். பல்லக்கா பந்து வந்தால் பிடித்துக் கொடுத்தாள். மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு நாள் என் மேசைப் போனுக்கே கேப்டன் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு ஏதோ மேல ஒரு இடத்தைப் பார்த்துப் போடுவான்னு அன்னைக்குப் பஸ்ஸுல அக்கா சொல்லிட்டு வந்தாங்க. நான் காது குடுக்கல. அதை நம்ம ஷூட்டர்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லுங்க."

"நீங்களே பேசுங்க, பக்கத்துலதான் இருக்கா" என்று போனை நீட்டினேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. பல்லக்கா பதினைந்து தடவையாவது 'ம்' போட்டாள். வைத்ததும், "பல்லு கடிக்கிறதுக்கு ராத்திரி ஒரு உறை போட்டுக்கிறாங்களே, அது என்ன விலைன்னு கேக்கறா" என்றாள்.

அடுத்த வருடப் போட்டியில் எங்கள் அணி இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தது. எதிரணியில் யாருக்கும் பல்வலி இல்லை என்று கேப்டன் முதலிலேயே விசாரித்துவிட்டாள் என்று ஒரு பேச்சு. அதற்கப்புறம் பல்லக்காவின் முழங்கால் மறுபடி தகராறு செய்தது. அவளைவிட உயரமாக ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பல்லக்கா எழுத்துத் துணியை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் சும்மா இருந்து பார்த்தாள். முடியவில்லை. ஆடும்போது தன் முகத்துக்கு நேராக விசில் ஊதியவர்களுக்கு அங்கிருந்து என்னதான் தெரிந்தது என்ற கேள்வி வந்துவிட்டது. நடுவர் பயிற்சிக்குப் போனாள்.

போன வாரம் உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போயிருந்தாள். வெள்ளை டி-ஷர்ட்டும் விசிலுமாக ஓரக்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் சூடுபிடித்தபோது கேப்டன் ஒரு பந்துக்குப் பாய்ந்தாள். பல்லக்கா விசில் ஊதினாள்.

"எங்க தொட்டேன்?" என்று கேட்டாள் கேப்டன், சாலையில் வண்டியை நிறுத்துகிற குரலில்.

"இடது முழங்கை. அவ விலாவுல."

தவறு செய்தவர் ஆட்டத்தில் கலக்காமல் ஓரமாக நிற்க வேண்டும் என்பது விதி. கேப்டன் நின்றாள். நின்ற முகத்தில் தான் தொட்டதாக நம்பிக்கை துளியும் இல்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கேப்டன் கோட்டோரமாக நடந்து போனாள். பல்லக்கா விசில் ஊதியபோது நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே நின்றாள். ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, தான் பாய்ந்த இடத்தில் நிறுத்தி, முழங்கையை அப்படி வை, இப்படி வை என்று திருப்பிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு எட்டு நகர்ந்து மறுபடி பார்த்தாள்.

"ஆமா அக்கா" என்றாள். "இங்கிருந்து தெரியுது."